வார்டுக்குள் வந்த நூலகர்

மருத்துவ நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்றே இன்னமும் பலர் நினைக்கிறார்கள். அப்படி யாராவது சொன்னால், 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததைத்தான் சொல்வேன்.

ஆஸ்துமா ஆய்வுக்குத் தன்னார்வலராக வந்தவர், எந்த நோயும் இல்லாத 24 வயதுப் பெண். ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுக்கக் கொடுத்தார்கள். நுரையீரல் பழுதாகி, சில வாரங்களில் இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கலாம் என்று 1950களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆனால் ஆய்வாளர் தேடிய பப்மெட் என்ற இணைய மருத்துவக் கட்டுரைத் தளம், அப்போது 1966 முதலான கட்டுரைகளைத்தான் காட்டியது. பழைய அச்சுத் தொகுதிகளில் தேடத் தெரிந்த நூலகர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்திருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் 1971-லேயே கான்சாஸ் சிட்டியில் கெர்ட்ரூட் லாம்ப் என்ற மருத்துவ நூலகர், நூலகர்களை டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார். நோயாளியின் கட்டிலருகே எழும் கேள்விக்கு ஆதாரம் தேடித் தருவது அவர்கள் வேலை. எவ்வளவு பெரிய யோசனை!

2011-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற ஆலோசனை அமைப்பு, சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளை எல்லாம் முறையாகத் தேடித் தொகுத்து மதிப்பிடுவது) செய்பவர்கள் பயிற்சி பெற்ற நூலகரோடு சேர்ந்தே தேட வேண்டும் என்று நெறிமுறையாகவே எழுதியது. இப்போது சாட்ஜிபிடி கற்பனையாகத் தரும் கட்டுரைகளைப் பிடிக்கும் வேலையும் அவர்கள் தலையில்.

தீசிஸ் எழுதும் பிஜி நண்பர்களே, தலைப்பு முடிவாகும்போதே உங்கள் கல்லூரி நூலகரைப் போய்ப் பாருங்கள். கடைசி வாரத்தில் ரெஃபரன்ஸ் சரிபார்க்க மட்டும் போகாதீர்கள்.