காசில்லாததற்குக் கட்டிய காசு

நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். சில மாதங்கள் சம்பளம் வராததால் என் சம்பளக் கணக்கு தானாகவே சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிட்டது. முன்னதற்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது, பின்னதற்கு உண்டு. மாதா மாதம் பணம் வந்தவரை கணக்கில் ஒரு ரூபாய்கூட வைக்கத் தேவையில்லை. பணம் வருவது நின்றதும் ஆயிரக்கணக்கில் வைத்தே ஆகவேண்டும். இதை யோசித்தவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வாடகைக்காக அக்கா 2,000 ரூபாய் அனுப்பினார். ஏடிஎம்மில் பார்த்தால் 1,410. பேலன்ஸ் குறைந்ததற்கு அபராதம் 500, அந்த அபராதத்துக்கு ஜிஎஸ்டி 90. பிடிப்பதற்கு முன் எந்தத் தகவலும் இல்லை, பிடித்த பிறகுதான் எஸ்எம்எஸ் வந்தது. அந்த எஸ்எம்எஸ்ஸுக்கும் காலாண்டுக் கட்டணம் உண்டு. என்னிடம் காசில்லை என்று எனக்கே சொல்ல, என்னிடமே வசூல்!

வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "பேலன்ஸ் வெச்சிருந்தா ஏன் சார் பிடிக்கப் போறாங்க?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றிக் கொடுங்கள் என்றேன். என் சட்டையை ஒரு பார்வை பார்த்தார். இன்டர்வியூவுக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருக்கும் ஒரே சட்டை அது. "அதெல்லாம் ஏழைங்களுக்கு சார். வேணும்னா வருமானச் சான்றிதழ் கொண்டு வாங்க." என்னைப் பணக்காரன் என்று முதன்முதலாக ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார். கோபத்துக்கு நடுவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

காசில்லை என்று நிரூபிக்க இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினேன். ஜெராக்ஸ், பஸ் செலவு தனி. அப்புறம் விஏஓ விசாரணை.

"என்ன வேலை தம்பி?"

"இப்போ இல்லீங்க."

"வருமானம்?"

"அதுவும் இல்லீங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டார். "பூஜ்யம்னு எழுதினா மேல திருப்பி அனுப்பிடுவாங்க தம்பி. ஏதாவது ஒரு தொகை சொல்லுங்க." நான் முழிப்பதைப் பார்த்து அவரே 72,000 என்று போட்டுக்கொண்டார். வேலை போன பிறகு எனக்குக் கிடைத்த ஒரே சம்பளம் அதுதான். வீட்டில் சொன்னதும் மனைவி, "அதுல இந்த மாசத்து ஆறாயிரத்தை எடுத்துக் கொடுங்க" என்று கை நீட்டினாள்.

சான்றிதழோடு போன அன்று சர்வர் வேலை செய்யவில்லை. அடுத்த முறை நேராக மேலாளர் கேபின் வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு பெரியவருக்குக் காபி வந்தது. பெரிய டெபாசிட் வைத்திருப்பவர் போல, லாக்கர் வாடகையில் அவருக்குச் சலுகை என்று கண்ணாடிக் கதவு வழியாகக் காதில் விழுந்தது. கட்ட முடிந்தவருக்குத் தள்ளுபடி, முடியாதவனுக்கு அபராதம். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனது வேறு வயிற்றெரிச்சல்.

மேலாளர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்? தேவையே இல்லையே!" என்றார். அவர் சொன்னது சரிதான். 2012இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த, மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு (ஆங்கிலச் சுருக்கம் பிஎஸ்பிடி) யாருக்கும் உண்டு. வருமான வரம்பு எதுவும் வைக்கக் கூடாது. பழைய கணக்கையே இப்படி மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. நீங்கள் போகும்போது "ஜீரோ பேலன்ஸ்" என்று கேட்காமல் "பிஎஸ்பிடி கணக்கு" என்று கேளுங்கள், பாதி வாக்குவாதம் மிச்சம். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள்.

அபராதத்தையும் விடவில்லை. பேலன்ஸ் குறைந்தால் முதலில் தகவல் சொல்லி, சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தந்த பிறகுதான் பிடிக்க வேண்டும் என்பது 2015 ஏப்ரலிலிருந்து இருக்கும் விதி. அபராதம் பிடித்தே கணக்கை மைனஸில் தள்ளவும் கூடாது. இதைக் கடிதத்தில் எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று கடைசி வரியில் சேர்த்திருந்தேன். மேலாளர் அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். 590 ரூபாயும் திரும்பி வந்தது. எஸ்எம்எஸ் கட்டணம் வரவில்லை, போய்த் தொலையட்டும்.

கணக்கு மாறிய அன்று மேலாளர் அக்கறையாக எச்சரித்தார்: "சார், இந்தக் கணக்குல மாசத்துக்கு நாலு தடவைதான் இலவசமா பணம் எடுக்கலாம். பாத்துக்குங்க."

"நாலு தடவை எடுக்கற அளவுக்கு எப்ப சார் போடப் போறேன்?" என்றேன். கவுன்டரில் இருந்தவர்தான் முதலில் சிரித்தார்.