பின் சக்கரம், ஜூன் 2025

ஜூன் 7, சனி

என் சைக்கிளின் பின் சக்கரத்தில் ட்யூபை எடுத்துவிட்டு, ட்யூப்லெஸ்ஸாக மாற்றிக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். காலை பத்தரைக்கு மொட்டை மாடியில் அந்த டயர் வெடித்தது. டயரில் ஒரு கிழிசல்கூட இல்லை. ஒரு பக்க விளிம்பு ரிம்மைத் தாண்டி வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். சத்தம் மட்டும் தீபாவளி அணுகுண்டு. பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவே எட்டிப் பார்த்தது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் வெள்ளை வெள்ளையாக சீலன்ட், ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம். பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகனுக்கு ரொம்ப நேரம் காது இரைந்துகொண்டே இருந்தது. "கண்ணுல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும் சித்தி?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

காற்றழுத்தம் காட்டும் பம்ப் முள் அப்போது 45 பிஎஸ்ஐயில் நின்றது. ஓரத்தில் காற்று கசிந்தது, இன்னும் கொஞ்சம் ஏற்றினால் அடைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பஞ்சர் கடை அண்ணனிடம் சக்கரத்தைக் கொண்டுபோனேன். சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிட்டு கம்ப்ரசரில் காற்று விட்டார். 'டப், டப்' என்று இரண்டு சத்தம். டயரின் விளிம்பு ரிம்மில் உட்கார்ந்துவிட்டது என்றார். 40 வைத்துக் கொடுத்தார். ஸ்கூட்டர் டயரெல்லாம் இதைவிட அதிகம் ஏற்றித்தான் உட்கார வைப்பாராம்.

ஜூன் 9, திங்கள்

ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில், யாரும் தொடாமலே, மறுபடியும் கழன்றது. அம்மா எழுந்து உட்கார்ந்து பிறகு தூங்கவே இல்லை. விடிந்ததும் முதல் வேலையாக பழைய ட்யூபை உள்ளே போட்டேன். காரணம் தெரியாமல் இனி இதில் காற்று அடிக்க மாட்டேன்.

ஜூன் 11, புதன்

வேலை முடிந்து வந்து டயரையும் ரிம்மையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாளாக மண்டையைக் குடைந்த கேள்வி: ட்யூபோடு இரண்டு வருடம் ஓடிய அதே டயர், அதே ரிம், ட்யூபை எடுத்ததும் ஏன் கழல்கிறது?

டயரை எப்படி மாட்டுகிறோம் என்று யோசித்தபோது பிடிபட்டது. ரிம்மின் நடுவில் பள்ளம் இருக்கிறது. விளிம்பின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்தில் தள்ளினால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் டயரை ரிம்மின் ஓரத்தைத் தாண்டி உள்ளே போடுகிறோம். கழல்வதும் அதே வழிதான். ஓரிடத்தில் விளிம்பு பள்ளத்துக்குள் வழுக்கினால் எதிரே தளர்ந்து, காற்று அதை வெளியே தள்ளிவிடும். ட்யூப் இருந்தால் அந்தப் பள்ளத்தை அதுவே அடைத்துக்கொண்டு, விளிம்பை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடித்திருக்கும். ட்யூப் இல்லாத சக்கரத்தில் அந்த வேலையை ரிம்தான் செய்ய வேண்டும். அதற்குத்தான் ட்யூப்லெஸ் ரிம்மில் விளிம்பு உட்காரும் தட்டையான மேடையும், மேடையின் உள்ஓரத்தில் சின்ன வரம்பும் வைக்கிறார்கள். என் ரிம்மில் விரல் வைத்துத் தடவினேன். வரம்பே இல்லை. நேராகப் பள்ளத்துக்குச் சரிகிறது.

ட்யூப்லெஸ் ஸ்கூட்டர் ரிம்மில் அந்த வரம்பு உண்டு. அண்ணன் சொன்னது அவருடைய சக்கரங்களுக்குச் சரி.

இன்னொன்றும் கணக்குப் போட்டேன். டயரின் உறையில் வரும் இழுவை, அழுத்தத்தை டயரின் குறுக்குவெட்டு ஆரத்தால் பெருக்கினால் வருவது. என் 2.25 அங்குல டயரில் 35 பிஎஸ்ஐ வைத்தால், ரோடு சைக்கிளின் 25 மி.மீ. டயரில் 80 வைத்த அளவு இழுவை விளிம்பில் விழுகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ. எண் சிறியதாகத் தெரிவதால் 45 சாதாரணம் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 14, சனி

டயரில் 57-622 என்று அச்சடித்திருக்கிறது. 57 அகலம், 622 விளிம்பு உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அப்படியானால் ரிம்மின் மேடை சுற்றளவு 1954 மி.மீ. இருக்க வேண்டும். தையல் டேப் இழுபடும் என்பதால் மெல்லிய இரும்பு டேப்பால் மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 1950-ஐ ஒட்டியே வந்தது. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. மாட்டும்போது நெம்புகோல் இல்லாமல் கையாலேயே டயர் ஏறியதற்குக் காரணம் இதுதான். அன்று சந்தோஷப்பட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காற்று கசியாமல் ரிம்மின் உள்பக்கம் ஒட்டும் ரிம் டேப்பை இன்னும் நாலைந்து சுற்று சுற்றினால் இறுகும் என்று யோசனை வந்தது. பலர் செய்கிறார்கள், ஒரு சுற்று இரண்டு சுற்று வரைக்கும் அது பலன் தரும். ஆனால் வரம்பு இல்லாத ரிம்மில் டேப்பை அடுக்கி, அதன்மேல் என் எடையை வைத்துத் நான் சைக்கிள் ஓட்டப் போகும் துரஹள்ளிப் பாறைகளில் இறங்க எனக்கு மனமில்லை. வேண்டாம்.

டயரும் போயிற்று. ஒருமுறை அப்படிப் பிய்த்துக்கொண்டு வந்த விளிம்பு நீண்டிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முறை கழன்றதை நான் நம்பத் தயாரில்லை.

ஜூன் 21, சனி

அதே ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), புது ட்யூப்லெஸ் ரிம், 32 ஸ்போக்ஸ் கம்பி. சிவாஜிநகரில் ஒரு கடையில் கோத்துக் கொடுத்தார்கள். உள் அகலம் 25 மி.மீ., அதற்கு 28 மி.மீ. டேப், மேடை வரைக்கும் ஏறுகிற மாதிரி இழுத்து ஒரே சுற்று. புது டயர் ஏறுவதற்கு இரண்டு கட்டை விரலும் வலித்தது. நல்ல வலி.

அக்கா மகனைப் படிக்கட்டில் உட்காரச் சொன்னேன். இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. சீலன்ட் இல்லாமல் முதலில் காற்று மட்டும். 22-ல் ஒரு 'டப்', 27-ல் இன்னொன்று. 30-ல் நிறுத்திவிட்டேன். ரிம்மில் எழுதியிருக்கும் உச்ச அளவின் பக்கமே போகவில்லை. ராத்திரி முழுக்க பால்கனியில், கதவைச் சாத்தி.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் 26 இருந்தது. காற்றை இறக்கி வால்வு வழியாக 100 மில்லி சீலன்ட் ஊற்றி, சக்கரத்தைக் குலுக்கி, வாளிமேல் படுக்க வைத்துப் பக்கத்துக்கு அரை மணி நேரம். சோப்பு நுரையில் குமிழ் எழும்பிய இரண்டு இடமும் அடங்கிவிட்டன.

பழைய டயரைக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். ஹாக்ஸா பிளேடால் விளிம்பை இரண்டு இடத்தில் அறுத்தேன். உள்ளே இருந்த நார் லேசில் அறுபடவில்லை.

ஜூன் 28, சனி

கனகபுரா ரோடு, துரஹள்ளி. முன்னால் 22, பின்னால் 24. நேற்றைய தூறலில் செம்மண் பிடிப்பாக இருந்தது. கல்படிகளில் இறங்கியபோது இரண்டு முறை பின் சக்கரம் நன்றாக அடிவாங்கியது. ஒவ்வொரு முறையும் நின்று, டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைப் பார்த்தோம். எங்காவது அது ரிம்முக்குள் மறைந்தாலோ வெளியே விலகினாலோ விளிம்பு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். அக்கா மகன் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, விரலால் தொட்டுக்கொண்டே வந்தான்.

"ஒரே அளவுதான் சித்தி, முழுக்க."