மடக்குக் கத்தியின் வயதைச் சொன்ன எழுத்துகள்

பழைய மடக்குக் கத்தி ஒன்று கிடைத்ததும் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடத்தான் பலருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து தேய்க்காதீர்கள். அலகு பிடியோடு சேரும் இடத்தில், கூர் தீட்டாமல் விடப்பட்டிருக்கும் சிறு பகுதியில்தான் செய்தவரின் முத்திரை இருக்கிறது. உப்புத்தாள் முதலில் அழிப்பதும் அதைத்தான்.

என்னிடமுள்ள கத்தியில் அந்த இடம் முழுவதும் கறுத்துத் துருவேறியிருந்தது. இரண்டு நாள் எண்ணெயில் ஊறவிட்டு, பல்குத்தும் குச்சியால் அழுக்கை மெல்ல நெம்பியெடுத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, ஒரு நட்சத்திரமும் அதனருகே மால்டா சிலுவையும் தெரிந்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் முத்திரை அது. செய்தவர் யார் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. வயதுக்குத்தான் இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

அலகில் ‘வி’, ‘ஆர்’ என்ற எழுத்துகளும் நடுவே கிரீடமும் இருந்தன. அவை விக்டோரியா அரசியைக் குறிப்பவை. ஆனால் அவர் 1837 முதல் 1901 வரை ஆண்டவர் என்பதால் அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. கீழே பாதி தேய்ந்திருந்த ‘இங்கிலாந்து’ என்ற சொல்தான் கைகொடுத்தது. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கவரிச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை உற்பத்தியான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1891 முதல் கட்டாயமாக்கியது; ஷெஃபீல்டு கத்திகளுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. ஆகவே என் கத்தி பெரும்பாலும் 1891க்கும் 1901க்கும் இடைப்பட்டது.

அலகு பிற்காலத்தில் மாற்றப்பட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண் என்பதால், சிறிய அலகின் முத்திரையையும் தறையாணிகளையும் பார்த்து, எதுவும் கழற்றப்படவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். அலகு துருப்பிடிக்காத எஃகாக இருந்திருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பேன். ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அதை உருவாக்கியது 1913இல்தான். முத்திரையோடு ஆண்டு எண் பொறித்த கத்திகளிலும் கவனம் தேவை, பெரும்பாலும் அது நிறுவனம் தொடங்கிய ஆண்டாகவே இருக்கும். அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970இல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகள் இட்டு, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துவந்தது போன்ற வசதி பழைய ஷெஃபீல்டு கத்திகளில் கிடையாது.

கீல் பகுதியில் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் விட்டேன். அலகின் கருமையை அப்படியே வைத்திருக்கிறேன்.