1,106 ஓட்டு: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

12 ஏப்ரல் 2025, சனி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஆயர் கூனிங் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு இன்று வேட்புமனுத் தாக்கல். பாரிசான், பெரிக்காத்தான் என்ற இரண்டு பெரிய கூட்டணிகள், எங்கள் மலேசிய சோசலிசக் கட்சியான பிஎஸ்எம் என மும்முனைப் போட்டி. எங்கள் வேட்பாளர் பவானி. சாயங்காலம் ஒட்டுக்கடையில் டீ குடிக்க உட்கார்ந்ததுமே மாமா பிடித்துக்கொண்டார். "2018 மறந்துபோச்சா?"

மறக்கிற விஷயமா அது? 2008 பொதுத்தேர்தலில் எங்கள் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார், இங்கே சுங்கை சிப்புட்டில் மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவர் சாமிவேலுவை 1,821 ஓட்டில் வீழ்த்தினார். 2013-லும் ஜெயித்தார். இரண்டு தடவையும் பிகேஆர் என்ற வேறு கட்சியின் சின்னம். 2018-ல் சொந்தக் கைமுட்டிச் சின்னத்தில் நின்றார், விழுந்தது 1,505 ஓட்டு. பத்து வருடம் எம்.பி.யாக இருந்தவருக்கு!

கூட்டணிக்குள் போய் ஒரு இடத்தையாவது வாங்கு என்கிறார் மாமா. இரவல் சின்னத்தில் விழுந்த ஓட்டு சின்னத்துக்காரனுக்குத்தான் சொந்தம் என்கிறேன் நான். தே தாரேக் டீ ஆறிப்போனது.

14 ஏப்ரல், திங்கள்

புத்தாண்டு. கோயிலில் இருந்து வந்தால் வாசலில் தோட்டத்து அக்கா. கையில் சர்க்கரைப் பொங்கல் டப்பா, அதற்கடியில் நாலாக மடித்த ஒரு கடிதம். வேலை ஓய்வாகிவிட்டதாம், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி மலாயில் எழுதியிருக்கிறது. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கியே முதுகு வளைந்தவர். நான் வாசிக்க வாசிக்க, கடிதத்தில் ஒட்டியிருந்த நெய்யை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பதில் எழுதி முடித்ததும் சொன்னார்: "ஓட்டு மட்டும் கேட்டுறாத தம்பி. அது எப்பவும் போடுற எடத்துக்குத்தான்."

இதை நன்றிகெட்டதனம் என்று சொல்பவர்கள் எங்களிலேயே இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் ஜெயிப்பார் என்று கணக்குப் பார்க்க அவருக்கும் தெரியும்.

20 ஏப்ரல், ஞாயிறு

ஆயர் கூனிங்கில் துண்டறிக்கை கொடுத்தோம். வெயில். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) பற்றிப் பேசினால் நின்று கேட்கிறார்கள், கட்சிப் பெயரைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

27 ஏப்ரல், ஞாயிறு

நேற்று முடிவு வந்தது. பவானிக்கு 1,106 ஓட்டு. பதிவானதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை, ஆகவே வைப்புத்தொகை போச்சு.

மாமா குத்திக்காட்டவில்லை. எங்கள் கிளைப் பையன் ஒருவன்தான் வெடித்தான். தேர்தலே வேண்டாம், மக்களைத் திரட்டுவதோடு நிற்போம் என்றான். அப்புறம்தான் மாமா வாயைத் திறந்தார். அவர் அப்பா தொழிலாளர் கட்சிக்காரர். 1959-ல் சோசலிச முன்னணி நாடாளுமன்றத்தில் எட்டு இடம் பிடித்தது. அதில் இருந்த தொழிலாளர் கட்சி 1969-ல் தேர்தலைப் புறக்கணித்தது, 1972-ல் அதன் பதிவே ரத்தானது. "வெளியே நின்னுட்டா, பூட்டுறவனுக்கு வசதி" என்றார்.

இதில் நான் மாமா பக்கம். அவர் சொல்வதில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. டாக்டர் எம்.பி.யாக இருந்தபோது அவர் கடிதத்தாளைக் கண்டால் தோட்ட ஆபீஸ் ஒரு வாரத்தில் பதில் போடும். இப்போது நான் மூன்று கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அதற்காகச் சின்னத்தை விட்டுவிடலாமா? இன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், கொஞ்சம் சுருதி குறைத்து.

1 மே, வியாழன்

ஊர்வலத்தில் இருந்தபோது அக்கா போன் செய்தார். நாளை மேனேஜர் வரச் சொல்லியிருக்கிறாராம். இதே கடிதம் வந்த இன்னும் நாலு வீட்டையும் சேர்த்துக்கொண்டாராம். நானும் வர வேண்டுமாம், "அந்தச் செவப்புச் சட்டை மட்டும் வேணாம் தம்பி."

நீலச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.