20 மீட்டர் மிதவைக் கயிறு

போன வருஷம், மூச்சடக்கி நீருக்குள் மூழ்கி மீன் குத்தும் பழைய ஈட்டித் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தது. 75 சென்டிமீட்டர் நீளம், ஈட்டியை உந்த ஒற்றை ரப்பர், 7 மில்லிமீட்டர் ஈட்டி. பினாங்குக் கடலுக்கு அந்த நீளமே தாராளம். மழை கொட்டிய மறுநாள் இங்கே நீருக்குள் நீட்டிய கையே தெரியாது, நீளத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு எதைக் குறி பார்ப்பது? ஆனால் நீர்மேல் கிடக்கும் மிதவையும், அதை ஈட்டியோடு இணைக்கும் கயிறும் அதோடு வரவில்லை. நானே கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் வேலை என்று நினைத்தது ஒரு மாதம் இழுத்தது.

"மிதவை எதுக்குடா?" என்றான் மச்சான். மேலே போகும் படகுக்காரருக்கு அடியில் ஆள் இருப்பது தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், குத்துப்பட்ட மீன் பாறை இடுக்கில் புகுந்துகொண்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூச்சு வாங்க மேலே வர முடியும். மீனும் ஈட்டியும் கயிற்றோடு இருக்கும். மூச்சடக்கியபடி அடியிலேயே மல்லுக்கட்டினால் மயங்கிப்போக வாய்ப்பு அதிகம்.

முதல் தப்பு கயிற்றிலேயே. வீட்டில் கிடந்த நைலான் கயிற்றை வெட்டினேன். நைலான் மூழ்கும், போய்ப் பாறையைச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் பட்டர்வொர்த்தில் 8 மில்லிமீட்டர் பாலிபுரோப்பிலீன் கயிறு வாங்கினேன், அது மிதக்கும். நான் 12 மீட்டருக்குக் கீழே போவதில்லை. ஆனாலும் 20 மீட்டர் வெட்டினேன். நீரோட்டம் மிதவையை இழுத்தால் கயிறு சாய்வாகத்தான் போகும், ஆழத்துக்குச் சரியாக அளந்து வெட்டினால் பாதியிலேயே நம்மைப் பிடித்து நிறுத்திவிடும்.

ஈட்டிக்கும் மிதவைக் கயிற்றுக்கும் நடுவில் வரும் மெல்லிய கயிற்றுக்கு முதலில் டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு போட்டேன். நல்ல பலம், ஆனால் வழுக்கும். சாதாரண முடிச்சுப் போட்டு, ஃபிளாட் மாடிப்படிக் கைப்பிடியில் கட்டி, 20 லிட்டர் வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். முக்கால் வாளி நிறையும்போது முடிச்சு மெல்ல நழுவி, வாளி இரண்டு படி உருண்டது. கீழ் வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்தார். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

பிறகு 1.8 மில்லிமீட்டர் தங்கூசிக்கு, அதாவது ஒற்றை இழைத் தூண்டில் நரம்புக்கு, மாறினேன். கடையில் மலாயில் 'தாங்சி' என்றேன், அம்மா சொல்லும் தங்கூசியேதான் எடுத்துக் கொடுத்தார்கள். இதற்கு முடிச்சு வேண்டாம், கிரிம்ப் என்ற சின்ன உலோகக் குழல் போட்டு நசுக்க வேண்டும். குழலின் இரு ஓரத்தையும் நசுக்கக் கூடாது, விளிம்பு தங்கூசியை அறுத்துவிடும். வெளியே நீட்டிய நுனியை லைட்டரில் லேசாக உருக்கினால் காளான் தலைபோல் தடிக்கும், உருவிக்கொண்டு போகாது. சாதாரண குறடு போதாது, அதற்கென்று உள்ள கிரிம்ப் குறடு வாங்குங்கள். நான் கஞ்சத்தனம் பண்ணி மூன்று குழலை வீணாக்கினேன். இந்த முறை நிறை வாளி அசையாமல் தொங்கியது.

மிதவைக் கயிற்றை எங்கே மாட்டுவது என்பதில்தான் ரொம்ப நாள் குழம்பினேன். கைப்பிடியில் மாட்டுவது சுலபம். ஆனால் மீன் ஓடினால் துப்பாக்கியும் சேர்ந்து பாறையில் இடிபடும். தங்கூசியின் மறுமுனையை நேரே மிதவைக் கயிற்றின் கொக்கியில் மாட்டி, துப்பாக்கியின் முன்முனையில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தில் செருகிவைத்தேன். மீன் இழுத்தால் வளையத்திலிருந்து கழன்று, துப்பாக்கி தனியாகிவிடும். தனியான துப்பாக்கி மிதக்குமா என்று முதலில் தண்ணீர் டிரம்மில் போட்டுப் பாருங்கள். என்னுடையது மிதந்தது. நடுவில் ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு) போடாவிட்டால் கயிறு முறுக்கிக்கொண்டே போகும். ஒன்று மட்டும்: கயிற்றை மணிக்கட்டில் சுற்றவே சுற்றாதீர்கள்.

தஞ்சோங் பூங்கா (Tanjung Bungah) கடற்கரையில் இடுப்பளவு நீரில், ரப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, ஈட்டியைக் கையால் இழுத்துச் சோதித்தேன். ரப்பர் மாட்டியிருந்தால், நீருக்கு வெளியே அதை இழுத்துத் துப்பாக்கியை ஒருபோதும் ஏற்றக் கூடாது. மச்சான் மீன் வேடம் போட்டு இழுத்தான், இரண்டாவது இழுப்பில் வளையம் அழகாக விட்டுக்கொடுத்தது. வேட்டைக்குப் போகும் முன் எங்கே பிடிக்கலாம் என்று மீன்வளத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். பாயார் தீவு போன்ற கடல் பூங்காக்களைச் சுற்றி 2 கடல் மைல் வரை மீன்பிடிக்கத் தடை.

இன்னும் ஒரு குறை மிச்சம். காற்றடித்தால் மிதவை கவிழ்ந்து, அதில் நட்ட அடையாளக் கொடி நீரில் படுத்துவிடுகிறது. அடியில் அரைக் கிலோ ஈயம் கட்டிப் பார்க்கப் போகிறேன்.