மஞ்ஞினிக்கரையில் துயிலும் அந்தியோக்கியா பாவா

செங்கோட்டை, புனலூர் வழியாகப் பத்தனம்திட்டை போய்விட்டால் ஓமல்லூர் பக்கத்திலேயே மஞ்ஞினிக்கரை. பிப்ரவரி 12 மாலை நாங்கள் சேர்ந்தபோது குன்றேறும் சாலை முழுக்க நடைப்பயணிகள். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களைப் போலவே கையில் கொடி, வாயில் பாட்டு.

இங்கே அடக்கமாகியிருப்பவர் மார் இக்னாத்தியோஸ் எலியாஸ் மூன்றாமவர். சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையின் முதுபெரும் தந்தை, மலையாளிகளுக்குப் 'பாவா'. ரோம், கான்ஸ்டான்டிநோபிள், அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, எருசலேம் என்ற ஐந்து பழைய தலைமைப் பீடங்களில் அந்தியோக்கியாவை நிறுவியவர் பேதுரு என்பது மரபு. அந்த வரிசையில் இவரை 119ஆவது என்று எண்ணுகிறார்கள். 451இல் கூடிய கால்சிடோன் சங்கம் என்ற ஆயர் பேரவை கிறிஸ்துவின் இயல்பு பற்றி எடுத்த தீர்மானத்தை ஏற்காமல் பிரிந்த மரபு இது. பீடத்தின் பெயர் அந்தியோக்கியா என்றாலும், பல நூற்றாண்டுகள் தந்தையர் இருந்தது துருக்கியில் மார்தின் அருகே ஒரு மடத்தில், இப்போது டமாஸ்கஸில்.

எலியாஸ் பாவா பிறந்ததும் மார்தினில்தான், 1867இல். 1917இல் பொறுப்பேற்றபோது, ஒட்டோமான் பேரரசில் நடந்த 1915 படுகொலைகளுக்குத் தப்பிய அவருடைய மக்கள் சிதறிக் கிடந்தார்கள். அந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டே, அந்தியோக்கியா பாவாவின் அதிகாரத்தை ஏற்ற பாவா கட்சி, உள்ளூர் மெத்ரானின் (பேராயரின்) பக்கம் நின்ற மெத்ரான் கட்சி என்று பிளவுபட்டிருந்த கேரளத்தின் மலங்கரைச் சபையைச் சமாதானப்படுத்த 1931இல் இந்தியா வந்தார். கட்டளை எழுதி அனுப்பியிருக்கலாம். அறுபது கடந்த வயதில் நேரில் கிளம்பி வந்தாரே, அதனால்தான் தந்தை என்ற பட்டம் அவருக்கு முழுதாகப் பொருந்துகிறது என்பேன்.

சமாதானம் கைகூடும் முன்பே, 1932 பிப்ரவரி 13 அன்று, இங்கேயே உயிர் பிரிந்தது. 1958இல் இரு தரப்பும் இணைந்து, எழுபதுகளில் மறுபடி பிரிந்தன. தேவாலயங்களின் நிர்வாகம் யாருக்கு என்ற வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் சண்டை ஓயவில்லை. அவரைப் புனிதராக நினைவுகூர 1987இல் முதுபெரும் தந்தை சாக்கா அனுமதி தந்தார்.

கபரிடத்தில், அதாவது அவருடைய கல்லறை இருக்கும் இடத்தில், சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. 'குரியேலாயிசோன்' (ஆண்டவரே, இரக்கமாயிரும்) என்று கூட்டம் திரும்பத் திரும்பச் சொல்ல, ஒவ்வொருவராகக் குனிந்து கல்லறையை முத்தமிட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் இரு பாதங்களிலும் துணிக்கட்டு. வயநாட்டிலிருந்து நடந்தே வந்தவராம். வெளியே வந்ததும், பாவாவிடம் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். மகனுக்கு வேலை, அப்புறம் நம் சபைக்குச் சமாதானம் என்றார்.

அவர் சொன்ன இரண்டாவதை நானும் திரும்ப உள்ளே போய்க் கேட்டேன். வழக்கில் எதிரெதிரே நிற்கும் இரு தரப்பு அச்சன்மாரையும் (குருமாரையும்) சேர்த்தே ஜெபித்தேன்.