நைரோபி நாட்குறிப்பு, ஜூன் 2024

ஜூன் 14, வெள்ளி
டிக்கெட் போட்டாச்சு. 29 சனிக்கிழமை இவளும் பாப்பாவும் வருகிறார்கள். மாமாவிடம் சொன்னதும், "டயாபரை அங்கிருந்தே மூட்டை கட்டிவரச் சொல், அரசின் புது நிதி மசோதாவில் அதற்கும் வரி" என்றார். (மாமா என்றால் இங்கே அம்மா. எனக்கு எதிர் மேஜை. மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்துக் கூப்பிட வேண்டும், நான் வெறும் மாமாவோடு நிறுத்திக்கொள்கிறேன். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.)

ஜூன் 18, செவ்வாய்
ரொட்டிக்கு 16 சதவீத வாட் கிடையாதாம், எடுத்துவிட்டார்கள். மாமாவுக்குச் சந்தோஷம் இல்லை. "ரொட்டியை விட்டால் வேறெங்காவது கை வைப்பார்கள்" என்று என் சம்பளச் சீட்டை எடுக்கச் சொல்லி ஒரு வரியில் விரலை வைத்தார். வீட்டுவசதிக்கு 1.5 சதவீதம். இத்தனை மாதம் பார்க்கவே இல்லை, யாருக்கோ கட்டப்போகும் வீட்டுக்கு நானும் செங்கல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். 2022 அதிபர் தேர்தலில் மாமா ரூட்டோவுக்குத்தான் ஓட்டுப் போட்டாராம். தள்ளுவண்டிச் சின்னம், நானும் உங்களைப் போல அன்றாடங்காய்ச்சி, சாலையோரம் கோழி விற்றவன் என்ற பேச்சு. இப்போது அதிபர் ரூட்டோவுக்குப் பட்டப்பெயர் ஸகாயோ. யாரென்று பார்த்தால் நம் ஞாயிறு பள்ளிச் சகேயு, மரத்தில் ஏறிய அதே வரி வசூல்காரன்! "ஸகாயோ, இறங்கு" என்று மசோதாவை எதிர்த்து ஊர்வலம் போன இளம்பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். கண்ணீர்ப்புகை எங்கள் மாடி வரை வந்தது.

ஜூன் 20, வியாழன்
நாடாளுமன்றத்தில் மசோதாவுக்கு ஆதரவு 204, எதிர்ப்பு 115. மாமா டீ குடிக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி
உகாலியை (மக்காச்சோள மாவுக் களி) உருட்டிக்கொண்டே மாமா 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்ததைச் சொன்னார். சாலையை மறித்து, வண்டியை நிறுத்தி, அடையாள அட்டையைக் கேட்பார்களாம், பெயரைப் பார்த்தாலே எந்த இனம் என்று தெரிந்துவிடும், அப்புறம் வெட்டு. ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவர் மகளுக்கு அப்போது நாலு வயது. அவள்தான் இப்போது எங்களுக்கு இனமும் இல்லை, கட்சியும் இல்லை, தலைவனும் இல்லை என்கிறாள். மாமா அதைப் பெருமையாகச் சொல்கிறாரா பயந்து சொல்கிறாரா, தெரியவில்லை. எங்கள் ஊரில் பெயர் போதாது, "தம்பி எந்தத் தெரு?" என்று கேட்பார்கள் என்றேன். சட்டென்று புரிந்துகொண்டு, "சரி, நீ எந்தத் தெரு?" என்றார். நான் டப்பாவை மூடினேன்.

ஜூன் 23, ஞாயிறு
வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா. பாப்பாவைத் தூக்கி எட்டு மாதம் ஆகிறது, அப்போது கழுத்து நிற்கவில்லை, இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம், நான் சொல்லி அவர்கள் வராமல் போய் இங்கே ஒன்றும் நடக்காவிட்டால் இவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள், நடந்துவிட்டாலோ மாமனார். போனை இரண்டு தடவை எடுத்தேன், வைத்தேன்.

ஜூன் 25, செவ்வாய்
ஆபீஸ் இல்லை. மாமாவின் மகள் ஊர்வலத்துக்குப் போயிருக்கிறாள்.
மதியம் ஆதரவு 195, எதிர்ப்பு 106, மசோதா பாஸ். கொஞ்ச நேரத்தில் கூட்டம் நாடாளுமன்றத்துக்குள்ளே. ஒரு பக்கம் தீ. சுட்டிருக்கிறார்கள். நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. மாமா போனை எடுக்கவில்லை.
9.40. எடுக்கவில்லை. ஊரிலிருந்து பதினொரு மிஸ்டு கால்.
11.15. மாமாவின் மெசேஜ்: "வந்துவிட்டாள். ஒரு கால் செருப்பு இல்லை."

ஜூன் 26, புதன்
கையெழுத்துப் போட மாட்டேன் என்று ரூட்டோ டிவியில் சொல்லிவிட்டார். 22 பேர் இறந்ததாக மனித உரிமை ஆணையம் சொல்கிறது. மாமாவுக்குப் போன் போட்டு "போலே" என்றேன், ஆறுதலுக்கு இங்கே அந்தச் சொல்தான். "இதை நேற்றுக் காலையில் சொல்லியிருக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 27, வியாழன்
இன்றும் போகிறார்கள். மகளும். மாமா தன் ஷூவைக் கொடுத்திருக்கிறார், அளவு பெரிது, நுனியில் துணி அடைத்து.
பெட்டி கட்டுகிறோம், டயாபர் எத்தனை பாக்கெட் என்று இவள் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.
ஆறு என்றேன்.